கீழே எழுத்து வராத படம்

புதன்கிழமையிலிருந்துதான் சொல்ல முடியும்.
அதற்கு முந்தையதெல்லாம்
கொசுவலை அடிக்க வருகிறேன் என்று
வராத ஆளுக்காகக் காத்திருந்தது.

புதனன்று ரம்பை இலை கிடைத்தது.
பாகலூர் சாலை நர்சரியில்
ஆயிரம் ரோஜாப் பதியன்களுக்குப் பின்னால்
யாரும் கேட்காத ஒரே தொட்டி.
"இது எதுக்குங்க?" என்றான் பையன்.
சோற்றில் போட, என்றேன்.
சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாடு!
நூற்றிருபது சொன்னான். தொண்ணூறு கொடுத்தேன்.
ஈப்போவில் இது சாக்கடையோரம் சும்மா முளைக்கும்.
அவனிடம் சொல்லவில்லை.

வந்து ஏழு மாதம்.
சிப்காட்டில் அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம்.
தமிழ்நாட்டுக்குத்தானே, மொழிக் கவலை இல்லை
என்று விமானம் ஏற்றிவிட்டார்கள்.
ஓசூரில் எங்கள் மாடியில் நான்கு கதவு:
ஒன்றில் தெலுங்கு, ஒன்றில் கன்னடம்,
ஒன்றில் பூட்டு,
கடைசியில் என் தமிழ்.
அதையும் வாட்ச்மேன் மாதையன்
முதல் வாரமே சந்தேகப்பட்டார்.
காலையில் பார்த்ததும்
"பசியாறியாச்சா அண்ணே?" என்றுவிட்டேன்.
எங்களுக்கு அது வெறும் வணக்கம்.
அவர் டிபன் டப்பாவைத் திறந்தே காட்டினார்:
"சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்லைங்க மேடம்."

வியாழன் பள்ளிக்கூடம்.
இரண்டாம் மொழி எது என்று படிவத்தில் ஒரு கோடு.
"மலாய் இருக்கா மிஸ்?" என்றாள் ஷர்வினி.
மிஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

வெள்ளி, ரேணுகம்மா வீட்டில் கேழ்வரகு.
அவர் சங்கட்டி என்றார், சௌபாக்யா முத்தெ என்றாள்,
களி என்றேன் நான்.
பேரை முடிவு செய்வதற்குள் ஆறிவிட்டது.
"மெல்லாதே, விழுங்கு" என்றார்கள் இருவரும்.
நான் மென்றேன். பல்லெல்லாம் ஒட்டியது.
எட்டு வயதுக்காரி கீரைக் குழம்பில் புரட்டி
அப்படியே விழுங்கிக் கைதட்டல் வாங்கினாள்.

சனிக்கிழமை என் முறை.
தேங்காய்ப்பால் சோறு, முடிச்சிட்ட ரம்பை இலை,
வேர்க்கடலை, வெள்ளரி, அவித்த முட்டை.
நெத்திலி எண்ணெயில் விழுந்த மூன்றாம் நிமிடம்
குடியிருப்போர் சங்கச் செயலாளர் மணியடித்தார்.
"வயர் ஏதாவது கருகுதாம்மா?"
இல்லை சார், விருந்து.
சௌபாக்யா சைவம். அவளுக்காகப்
பெலாச்சான் போடாமல் தனிச் சம்பால்.
அது கோபமில்லாத சண்டை மாதிரி இருந்தது.
அவள் மூன்று முறை கேட்டு வாங்கினாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மதியம் எல்லாருமாகப் படத்துக்கு.
தெலுங்கு.

எங்கள் ஊரில் தமிழ்ப் படத்துக்கும்
கீழே மலாய் ஓடும்.
பேச்சு புரியும், இருந்தாலும் கண் கீழேதான்.
நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே
படித்துவிட்டுச் சிரிப்போம்.
இங்கே பழக்கத்தில் கீழே போன கண்
முன்வரிசை ஆளின் வழுக்கையில் முட்டியது.
அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

என் தவிப்பைப் பார்த்தார்களோ என்னவோ,
இடது காதில் ரேணுகம்மா தொடங்கினார்,
வலது காதில் சௌபாக்யா.
"இவன்தான் தம்பி."
"தம்பி இல்லக்கா, மாப்பிள்ளை."
"நிலத்துக்காகச் சண்டை."
"நிலமா? பொண்ணுக்காக!"
இடைவேளையில் பப்ஸ் தின்னும்போது
என்னிடம் இரண்டு கதை இருந்தது.
அதற்கப்புறம் ஒருவன் வயலில் விழுந்தான்.
"போயிட்டான்" என்றது இடது காது.
"மயக்கம்தான்" என்றது வலது.
ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டு
மறு கண்ணால் அவன் எழுந்திருக்கக் காத்திருந்தேன்.
எழவில்லை. ஆனால் கடைசிப் பாட்டில் இருந்தான்,
ஆடினான்.

ஆட்டோவிலும் வழக்கு ஓயவில்லை.
"எனக்கு நல்லாப் புரிஞ்சது" என்றேன்.
"எது?" என்றார்கள் இரண்டு பேரும்.
மடியில் தூங்கும் ஷர்வினியைக் காட்டி
விரலை உதட்டில் வைத்துத் தப்பித்தேன்.

கேட்டைத் திறந்தபடி மாதையன் கேட்டார்:
"என்னங்க மேடம், படம் பசியாறியாச்சா?"

ஆச்சு அண்ணே.

மாடிக்கு வந்து பார்த்தால்
புதனிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.