செட்டில்டு

ஐந்நூற்று அறுபத்திரண்டு.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
"எத்தனைக்கு?" என்றாள் ஒச்சம்மாள்
பரீட்சைத் தாளைக் கேட்கிற மாதிரி.
தொள்ளாயிரத்துக்கு என்றேன்.
"அப்ப பாஸுதான?"

வில்லாபுரத்தில் என் கடை,
ஜெராக்ஸ், பான் கார்டு, பட்டா, சிபில்.
அவள் நைட்டி தைக்கிறவள்,
உருப்படிக்குப் பதினோரு ரூபாய்.
ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்க
மூன்று பேங்க் படியேறி
மூன்றிலும் "சிஸ்டம் எடுக்கலம்மா".
கேட்ட ஒவ்வொரு தடவைக்கும்
இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது எண்.
கேட்டாலே குறையும் என்பதை
எப்படிச் சொல்ல அவளிடம்.

இரண்டாம் பக்கத்தில் கிடந்தது அது.
புருஷன் ஓட்டிக்கொண்டு போன பைக்,
இவள் போட்ட கையெழுத்து.
முப்பத்தோராயிரம் பாக்கிக்குப்
பதினெட்டாயிரம் கட்டியிருக்கிறாள்.
நிலை: செட்டில்டு.

"நல்ல வார்த்தைதான தம்பி?
எங்க அண்ணன் மகன் திருப்பூர்ல செட்டில்னுதான்
ஊரே சொல்லுது."

இல்லக்கா.
இந்தத் தாளில் அதற்கு
பாதியில் விட்டவள் என்று பொருள்.

எனக்குத் தெரியும்.
கடை போடுவதற்கு முன்
காளவாசலில் ஒரு மூன்றாம் மாடி,
காதில் ஹெட்போன்,
நாளைக்கு நூற்றெண்பது பேர்.
"இத மட்டும் கட்டிருங்க மேடம்,
இதோட முடிஞ்சிரும்."
முடியாது என்பது
எங்களுக்குக் கொடுத்த தாளிலேயே
பொடி எழுத்தில் இருந்தது.
அதே கம்பெனி. அதே வருஷம்.
அவளிடம் பேசியது நானா
பக்கத்து நாற்காலி ஜெபசிங்கா,
யாருக்கு ஞாபகம்.

மிச்சம் பதின்மூன்றாயிரத்தை
நாலு தவணையாய்க் கட்டவைத்தேன்.
பாக்கியில்லை என்ற ஒற்றைக் காகிதத்துக்கு
பைபாஸ் ரோட்டுக்கு ஆறு நடை,
ஐந்தாவது நடையில் மேனேஜரே மாறியிருந்தார்.
பத்தாயிரம் டெபாசிட் போட்டு ஒரு கார்டு.
கேஸ் சிலிண்டர் மட்டும்தான் அதில்,
வேறெதுக்கும் நீட்டாதீங்க,
இருபதாம் தேதி தாண்டாதீங்க.
பீஸ் வாங்கவில்லை.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன்.

ஆடி போய் ஐப்பசியும் போய்
ஒரு சொல் மாறியது: குளோஸ்டு.
அறுநூற்று எழுபத்தொன்று.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
"முன்னயும் பாஸுன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

இன்று மத்தியானம்
கார்டு பில்லைக் கட்ட வந்து நிற்கிறாள்,
முந்தானையெல்லாம் நூல் பிசிறு.
அவள் போன் அடிக்கிறது.
புது நம்பர். பேங்காக இருக்கலாம்.
புது நம்பரை அவள் எடுப்பதில்லை,
பைக் போன வருஷத்திலிருந்து.
மேஜைமேல் என் பக்கம் தள்ளுகிறாள்.

"நீ பேசு தம்பி.
மேடம் மேடம்னு
நல்லாத்தான் பேசுவ."

இந்தக் கடையில் ஒருநாளும் அவளை
மேடம் என்றதில்லை நான்.

மணி
அடித்துக்கொண்டே இருக்கிறது.