ஐந்தாவது துளை

ராயக்கோட்டை மேம்பாலம் இறங்கியதும்
இடப்பக்கம், பஞ்சர் கடைக்கு அடுத்த பட்டறை.
வாசலில் என் பெட்டி,
இழுக்க வண்டி இல்லாமல் மூக்கைத் தரையில் ஊன்றி.
பத்தடி நீளம், ஆறடி அகலம்.
தளியிலிருந்து பெங்களூருக்கு ரோஜா ஏற்றியது.
எத்தனை லட்சம் பூ போயிருக்கும் இதற்குள்,
ஒன்றுகூட வழியில் எதையும் பார்த்ததில்லை.

"ஜன்னல் எங்க வைக்கணும்?" என்றார் நஞ்சுண்டன்.
உள்ளே போய்த் தரையில் படுத்துக்கொண்டேன்.
கதவைச் சாத்தச் சொன்னேன்.
தலைமாடு எது, ஒருக்களித்தால்
கண் எந்த உயரத்துக்கு வரும்,
மெத்தை போட்டால் இன்னும் நாலங்குலம்.
இருட்டில் விரலால் தட்டினேன்.
வெளியே சாக்பீஸோடு ஷபீர்
தகரத்தில் காதை வைத்துத் திருப்பித் தட்டினான்.
இங்கேயா?
மேலே.
இங்கேயா?
இன்னும் ஒரு நகக்கண் அளவு.

நகக்கண் என்றால் சிரிக்கிறான்.
ஓசூரில், ஜன்னல் இல்லாத ஹாலில்
பதினேழு வருஷம் கைக்கடிகாரத்துக்கு முள் பொருத்தியவள் நான்.
மணி என்ன என்பது எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.
மழை பெய்ததா என்பதை மட்டும்
ஷிப்ட் முடிந்து
ஸ்கூட்டி சீட்டைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்வோம்.

அட்டையில் அச்சு வெட்டி ஒட்டினோம்.
பெயின்ட் உரியாமலிருக்க நாலு பக்கமும் டேப்.
உள்ளே ஓடும் இரும்புச் சட்டத்துக்கு இரண்டு விரல் தள்ளி.
நஞ்சுண்டன் ஆறு எம்எம் பிட்டை மாட்டினார்.
முதல் துளையே தப்பு.
அட்டை சரிந்திருக்கிறது, ஒரு சாண் கீழே போட்டுவிட்டார்.
ஐயையோ என்று வெளியே அவர்.
உள்ளே நான் வாயைத் திறக்கவில்லை.

எதிர்ச் சுவரில் ஒரு மலை தொங்கிக்கொண்டிருந்தது.

சையத் பாஷா மலைதான். தலைகீழாக.
கீழே வானம், மேலே ரோடு,
ரோட்டில் சக்கரம் மேலாக ஒரு கிரானைட் லாரி.
அதன் சத்தம் சேலம் பக்கம் போக
லாரி மட்டும் ஓசூர் பக்கம் போனது.

கூப்பிட்டேன். வந்தார்கள். கதவைச் சாத்தினோம்.
பஞ்சர் கடைக்காரரும் கையில் டியூபோடு.
ஷபீர் வெளியே ஓடி எதிரில் நின்று கையாட்டினான்,
சுவரில் ஒரு சின்ன வௌவால் கையாட்டியது.
"கரன்ட் இல்லாமலா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.
யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது.
நாலு மூலைக்கும் துளை.
நாலு மலை, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி.
தப்பையும் சேர்த்தால் ஐந்து.
ஜிக்ஸா கத்த ஆரம்பித்தது. கோடு நீள நீள
மலைகள் வெளுத்தன,
மாவில் தண்ணீர் கூடிக்கொண்டே போவது போல.
கடைசிப் பக்கமும் அறுபட்டுத்
தகரம் உள்ளே விழுந்தது:
அதில் பாதி ரோஜா,
"...ர்ம்ஸ்" என்று ஒரு கம்பெனியின் வால்.

இப்போது மலை நேராக நிற்கிறது.
பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிகிற அதே மலை.
பதினேழு வருஷத்துக்கு இது போதும் என்று
சொல்லிக்கொள்ளப் பார்த்தேன்.

சட்டத்தைச் சுற்றிப் பியூட்டைல் டேப்,
கண்ணாடி வெளியிலிருந்து, வளையம் உள்ளிருந்து.
திருகாணிகளை மட்டும் நானே வாங்கிக்கொண்டேன்.
எதிரெதிர் மூலையாக, கால் கால் சுற்று;
கை அதுவாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.
ஓஸ் பைப்பில் ஷபீர் பெய்த மழையில்
வலது கீழ் மூலை கசிந்தது.
கழற்றி, சுரண்டி, மறுபடி ஒட்டி
விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

"தப்புத் துளைய சிலிக்கான் வச்சு அடைச்சிடறேன்."
வேண்டாம் என்றேன். ஒரு போல்ட், ரப்பர் வாஷர்,
உள்ளேயிருந்து கையாலேயே கழற்றுகிற நட்.
"எதுக்குங்க?"
ஷபீர் அவரை ஒரு பார்வை பார்த்தான்.

பில்லில் அந்தத் துளைக்குக் காசு போடவில்லை.
வாஷருக்கு இரண்டு ரூபாய் எழுதியிருந்தார்.