பதினொன்று

கல்யாணங்களில் நான் கோட்டுகளுக்குக் காவல்.
நவம்பர், அஸெனோவ்கிராத், மண்டபச் சுவரோரம்
பக்கத்து நாற்காலி நிறைய மற்றவர்களின் கம்பளி,
மடியில் யாருடையதோ கைப்பை,
எதிரே கைகோத்து வளைந்து போகும் ஆட்ட வரிசை.
நான்கு முறை அதற்குள் நுழைந்து
நான்கு முறையும் யார் காலையாவது மிதித்துவிட்டு வந்தவள்.
கூடம் கோணல் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை,
அதே கூடத்தில்தான்
கலோயான் ஆடிக்கொண்டிருந்தான்.

என் கணவன். குழாய் பழுதுபார்ப்பவன்.
தண்ணீருக்கு வழி சொல்லவேண்டுமா என்ன,
அப்படி இருக்கும் அவன் கால்கள்.

அவன் அக்கா மகளின் புதுக் காதலன் மிலென்,
இசைக் கல்லூரியில் முதுகலை,
பிளம் சாராயக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்:
நீங்கள் ஆடுவது பதினொன்று, தெரியுமா?
இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு.
நடுவில் அந்த மூன்றுதான் நொண்டுகிறது.
மேசை விளிம்பில் தட்டியும் காட்டினான்.

கலோயான் சிரித்தான்.
அடுத்த பாட்டுக்கு எழுந்தான்.
மூன்றாவது சுற்றில் தடுக்கி
மணமகளின் தாய்மாமன் மேல் விழுந்தான்.

வண்டியில் வீடுவரைக்கும் திட்டு.
பதினொன்றாம்!
அப்படியானால் முப்பது வருஷம் நான் ஆடியது?
அதுவும் பதினொன்றுதான் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிரவு எனக்கும் தூக்கமில்லை,
ஆனால் வேறு காரணம்.
மேசையில் அவன் தட்டியபோதுதான்
பாட்டு முதன்முதலாக என் காதில் விழுந்தது.
அதுவரை அது
தகரத்தில் பெய்யும் சந்தோஷமான மழை, அவ்வளவுதான்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பிளொவ்தீவ் மருத்துவமனை, கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத அறை.
மூச்சை இழுங்கள். அடக்குங்கள். விடலாம்.
பத்தொன்பது வருடமாக இதே மூன்று வாக்கியம்.
கலோயானின் இடது காறை எலும்பு
பனியில் வழுக்கி முறிந்து கூடிய இடம்
படத்தில் ஒரு சின்ன மேடு.
பார்த்துவிட்டதால்
அந்தத் தோள் எனக்குக் கசந்தா போயிற்று?
மேடாகப் பார்த்துத்தான் சாய்கிறேன்.

இதை அவனிடம் சொன்னேன்.
எலும்பு வேறு, பாட்டு வேறு என்றான்.
இருக்கலாம்.

மதிய இடைவேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு
ஈயக் கவசத்தோடு பழகினேன்.
இரண்டு, இரண்டு,
மூச்சை அடக்குங்கள்,
இரண்டு, இரண்டு.
குளிர்காலம் முழுக்க.
காலி மேசைக்குத்தான் எத்தனை பொறுமை.

மே மாதம் மிலெனுக்கே கல்யாணம்.
யாரும் கோட்டு கொண்டுவரவில்லை.
எனக்கு வேலை போயிற்று.

கிளாரினெட் தொடங்கியதும் கலோயான் எழுந்தான்,
சொல்லப்பட்டதைக் கால்கள் நல்லவேளை மறந்திருந்தன.
அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும்.
உதடு அசைவதைப் பார்த்துவிட்டான்.
எண்ணாதே, என்றான்.
எண்ணாவிட்டால் நான் மறுபடி சுவரோரம், என்றேன்.

நான்காவது பாட்டில் அது தெரிந்தது.
ஒவ்வொரு மூன்றிலும், அந்த நொண்டல் நீளும் இடத்தில்,
அவன் கட்டைவிரல்
என் விரல் முட்டியை ஒருமுறை அழுத்துகிறது.
ஒரு சுற்றும் தப்பவில்லை.
பக்கத்தில் யார் கை இருந்தாலும் அழுத்தியிருப்பான்,
முப்பது வருடமாக அழுத்திக்கொண்டே இருந்திருப்பான்,
அவனுக்கே தெரியாமல்.
எண்ணிக்கொண்டு போனவளுக்கல்லவா அது கிடைத்தது!

திரும்பும் வழியில், பெருமை தாங்காமல்,
அவனிடமே சொல்லிவிட்டேன்.
சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது
ஸ்டீயரிங் மேலிருந்த தன் கட்டைவிரலை
யாருடையதோ போலப் பார்த்தான்.

இப்போதும் அழுத்துகிறான்.
மரியாதையாக,
அரைக்கணம் பிந்தி,
தவணை கட்டுகிறவனைப் போல.

மிலெனைத் திட்டுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்,
வெவ்வேறு காரணங்களுக்காக.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்.
பாட்டு முடிவதற்கு முந்திய சுற்றில், எப்போதும்,
கலோயான் தன்

சொல்ல மாட்டேன்.