ஆண்டு மலருக்குத் தமிழாக்கம்

நூற்று முப்பது வருடங்களை
வெள்ளிக்கிழமைக்குள் கேட்டார்கள்.
தெலுங்குக்கு வரதய்யபாளையத்து சுரேந்திரா.
தமிழுக்கு, ஆரம்பாக்கத்திலிருந்து
ஷேர் ஆட்டோவில் எல்லை தாண்டி வரும் நான்.

மெய்ஜி இருபத்தெட்டு என்று தொடங்கியது.
அது எந்த வருஷம் என்றான் சுரேந்திரா.
ராஜா பட்டமேறிய நாளிலிருந்து எண்ணுவார்கள்,
கல்வெட்டில் வருமே, யாண்டு இத்தனையாவது,
அந்த மாதிரி என்றேன்.

குசகாரி என்றால் புல்லறுப்பவர்.
முதல் குசகாரி, யசாகு,
பனிமலை அடிவாரத்தில் உலை மூட்டி
புல்லரிவாள் அடித்தார்.
பேருக்கேற்ற தொழில் என்று ஒரு வரி சேர்த்தேன்.
மூலத்தில் இல்லை. எடுத்துவிட்டேன்.

இரண்டாமவர் மண்வெட்டி, வாளி, தண்டவாள ஆணி.
வேகமாக முடிந்தது அவர் பக்கம்.

மூன்றாமவரிடம் பேனா நின்றது.
மகன் இல்லாத வீடு.
கணக்கெழுத வந்த பையனுக்கு
மகளைக் கொடுத்து
குடும்பப் பெயரையும் கொடுத்தார்கள்.
அகராதி தத்து மருமகன் என்கிறது.
தமிழில் அதற்கிருக்கும் சொல்லை
சிரிக்காமல் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
தெலுங்கில் என்ன என்றேன்.
இல்லரிகம் என்றான் சுரேந்திரா,
அவனும் சிரித்தான்.

என் அப்பா வீட்டோடு மாப்பிள்ளை.
கவரைப்பேட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து
மாமனாரின் மாவு மில்லை
முப்பத்தோரு வருடமாக ஓட்டுகிறார்.
போர்டில் இன்றும் மாமனார் பெயர்,
ரசீதிலும்.
சண்டை முற்றினால் அம்மா
கடைசியாக எடுக்கும் சொல் இதுதான்.

மலரில் அந்த மூன்றாமவருக்குத்தான்
முழுப்பக்கப் படம்.
கைச்சுத்தியலை நிறுத்தி
முதல் பிரஸ் இயந்திரம் வாங்கியவர்.
வாரிசு என்று எழுதி, அடித்து,
வீட்டோடு மாப்பிள்ளை என்றே எழுதினேன்.

அப்புறம் ஷோவா பத்தொன்பது. ஒரே வரி.
'காலத்தின் தேவையையொட்டி உற்பத்தி மாற்றியமைக்கப்பட்டது.'
யாரால்? எதிலிருந்து எதற்கு?
செயப்பாட்டு வினை
தமிழிலும் வசதியாகத்தான் இருக்கிறது.
தரக்கட்டுப்பாட்டு நோதா சானைக் கேட்டேன்.
கேலிப்பரைத் துடைத்து உறையில் போட்டார்.
எங்கள் ஊர்க் கோயிலில்
மணி மண்டபம் இருக்கிறது, மணி இல்லை, என்றார்.
வாசல்வரை போய்த் திரும்பி,
இதை எழுத வேண்டாம்.
மலரில் எழுதவில்லை.

விழாவுக்கு ஆறாமவர் வந்தார், ஒரு பெண்.
வேலியோரம் புல்லறுத்துக்கொண்டிருந்த
கான்ட்ராக்ட் முனெம்மாவிடம் நின்று
அரிவாளைக் கேட்டு வாங்கினார்.
சூளூர்ப்பேட்டை சந்தையில் எண்பது ரூபாய்.
விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்கே வைத்து
சரிவு நன்றாக இருக்கிறது என்றார்.
தெலுங்கில் சொன்னேன்.
முனெம்மா கேட்டாள்: இவங்க கம்பெனி என்ன செய்யுது?
கார் சீட்டுக்கு அடியில ஒரு தண்டவாளம் இருக்கும்,
சீட்டு முன்னே பின்னே நகர.
அதை யார் பாக்கப் போறா?
யாரும் பாக்க மாட்டாங்க.
சரி, என் அரிவாளைக் குடுக்கச் சொல்லு,
பதினோரு மணிக்குள்ள முடிக்கணும்.

பளபளத் தாளில் மலர் வந்தது.
மில்லில் கொடுத்தேன்.
மிளகாய்த் தூள் விரலோடு அப்பா
பதினொன்றாம் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார்.
பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது,
கத்தித்தான் பேச வேண்டும்.

பேரையே மாத்திக்கிட்டானா?
ஆமாப்பா.
போர்டுலயும் அவன் பேரா?
அந்தக் குடும்பப் பேரு. இப்ப அது அவர் பேருதானே.

பக்கத்தைத் திருப்பினார்,
மறுபடி பின்னால் வந்தார்.
சம்பளம் குடுத்தாங்களாமா?

அது அதில் இல்லை என்றேன்.
தும்மினார்.
அடுத்த டப்பாவை எடுத்து
எடை போட ஆரம்பித்தார்.