நாலு டன் முன்னூற்று இருபது

முதலாளி மகன் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும்
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது
ரப்பர் பொத்தான் வைத்த ஒரு கறுப்புப் பலகை.
மூளை இதில் இருக்கிறது, ஞாபகம் இல்லை என்றான்.
ஞாபகத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வேண்டுமாம்.

கூழ் ஆலை ஆபீசில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.
காலையில் பக்திப் பாட்டு, மதியம் சினிமா வசனம்.
அதன் துளைகளில் ஒயரைச் செருகினோம்.
அன்றிலிருந்து கணக்கும் பாடியது.

பாடியது என்றா சொன்னேன்.
முதலில் நீளமாய் ஓர் ஊளை,
பிறகு தகரக் கூரையில் ஆலங்கட்டி.
வால்யூம் ஏழுக்குக் கீழே போனால் படிக்காது,
எட்டைத் தாண்டினாலும் படிக்காது.
ஏழேகாலில் என் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன்.
யாராவது பாட்டு கேட்டுவிட்டுத்
திருப்பி வைக்க மறந்தால்
அன்றைக்கு யாருக்கும் பட்டுவாடா இல்லை.

எந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று
டேப்புக்குத் தெரியாது. எண் காட்டும் சக்கரம் உடைந்திருந்தது.
அதனால் ஒவ்வொரு முறையும் ஒயரைப் பிடுங்கிவிட்டு
நானே பேசிப் பதிந்தேன்:
"ஜூன் ஒன்பது, செவ்வாய். செந்தூரா. இங்கிருந்து ஆரம்பம்."
பிறகு ஒயர். பிறகு ஊளை.

அணைக்கு அந்தப் பக்கத்துத் திம்மராயன்
ஜன்னலில் நின்று கேட்டார்:
"ஏம்மா, என் மாங்காயா இப்படிக் கத்துது?"
ஆமாண்ணா என்றேன்.

அன்றைக்கு அவர்தான் கடைசி லோடு.
அவருடையதை மட்டும் தனியாகப் பதியும்போது
கரண்ட் தாழ்ந்தது.
போகவில்லை, போயிருந்தால் தெரிந்திருக்கும்.
குண்டு பல்பு பழுத்தது, டேப் சோம்பி இழுத்தது,
ஊளை ஒரு நொடி ஆண்குரலானது.
நான் பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எல்லோரும் திரையில் வந்தார்கள்.
திம்மராயன் இடத்தில் பிழை என்று ஒரு வரி.
ஏழேகால், ஏழரை, ஏழே முக்கால்.
ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
சின்னத் திருகாணியைக் கால் சுற்று திருகினேன்.
பிழை.
ஆலைக்கென்று சீட்டு எழுதுவதை
மெஷின் வந்ததும் நிறுத்தியிருந்தோம், காகிதம் மிச்சமென்று.
அவர் வேட்டி மடிப்பிலிருந்து தன் சீட்டை எடுத்தார்.
மாங்காய்ப் பால் பட்டுப் பொசுங்கி
எண் இருந்த இடத்தில் ஓட்டை.

மெஷின் படிக்காதது கணக்கில்லை என்றார் முதலாளி.

டேப்பைக் கொஞ்சம் பின்னால் சுற்றினேன்.
ஒயரைப் பிடுங்கினேன்.
ஸ்பீக்கரில் நான், மூக்கடைத்த குரலில்:
"ஜூன் பதினெட்டு, வியாழன். பெங்களூரா. இங்கிருந்து..."
எடைமேடையிலிருந்து பாபு ஜான் கத்துகிறார்:
"திம்மராயன் நாலு டன் முன்னூத்தி இருபது, ஏத்திட்டியாம்மா?"
"ஏத்திட்டேன் பாய்."
யாரோ இருமுகிறார்.
பிறகு ஊளை.

ஆபீசில் யாரும் பேசவில்லை.
திம்மராயன் இருமினார்.
சாட்சிக்காக இல்லை, வந்தது.

குரலுக்கென்ன, எவர் வேண்டுமானாலும் பேசலாம்
என்று சொல்லிக்கொண்டே முதலாளி
நாலு டன்னுக்கு எண்ணிக் கொடுத்தார்.
முன்னூற்று இருபதைக் கழிவு என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

திங்களிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும்
பேரைச் சொன்னேன், எடையைச் சொன்னேன்,
அவரவரையும் ஒரு வார்த்தை பேச வைத்தேன்.
ஒருவர் ரேடியோ என்று நினைத்து
மகளுக்கு வரன் தேடுவதையும் சேர்த்துச் சொன்னார்.
ஒரு பக்கத்தில் மூன்று நாள் அடங்கிய இடத்தில்
ஒரு நாளே பிதுங்கியது.

கேசட் எப்படி இவ்வளவு தீர்கிறது என்றான் முதலாளி மகன்.
பாட்டு பதிந்து கேட்கிறேன் என்றேன்.
அந்த மாதச் சம்பளத்தில்
பதினெட்டு ரூபாய் பிடித்தார்கள்.