இருநூறு மைக்ரான்

தாராபுரத்துக்காரர் பின்வாசலில்
பந்திப்பாய் போடுவதுபோல்
பாலித்தீனை உதறி விரித்தார்.
இருநூறு மைக்ரானுங்க,
சூரியனையே வடிகட்டிக் குடுக்கும்.
வில்லாய் வளைத்த இரும்புக் குழாய் ஏழு,
மேலே இது,
ஓரத்தை மண்போட்டு மூடினால்
சோலி முடிஞ்சுதுங்க.

எத்தனை வருஷம் தாங்கும் என்றேன்.
மூணு, என்றார்
கூச்சமே இல்லாமல்.

உடுமலை ரஹ்மத்துல்லா பாய்
கண்ணாடியோடு கணக்கையும் கொண்டுவந்தார்.
ஒன்றரை அடி அஸ்திவாரம்,
அலுமினியச் சட்டம், ஐந்து மில்லி கனம்,
மேலே திறந்து மூட நாலு சன்னல்.
"உங்களுக்கப்புறமும் நிக்கும்மா"
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு
காப்பி நன்றாயிருப்பதாக இரண்டு முறை சொன்னார்.
மாதிரிச் சில்லைத்
துவைக்கும் கல்லில் சாய்த்துவிட்டுப் போனார்.

எனக்கு வேண்டியது
ஒரு வரிசை குடைமிளகாய்,
ஒரு வரிசை வெள்ளரி,
மயில் கொத்தாத தக்காளி நாலே நாலு.

செங்கோட்டுவேல் காத்தாடிக் கம்பெனியில்
எண்பது மீட்டர் ஏறி இறங்குகிறவர்.
காற்றைக் காற்று என்று சொல்லமாட்டார்,
நொடிக்குப் பதினாலு என்பார், பதினாறு என்பார்.
ஆடி மாசம் பெதப்பம்பட்டியில்
காயப்போட்ட பாவாடை
டிக்கெட் எடுக்காமல் அடுத்த ஊர் போகும்.
"பாலக்காட்டுக் கணவாய் ஒருக்கா வாயத் திறந்தா
உன்ற இருநூறு மைக்ரான்
வந்த தாராபுரத்துக்கே திரும்பிப் போயிரும்."

அப்ப கண்ணாடியா?

"சித்திரைல உள்ள போனா
நீயும் வெள்ளரியும் ஒட்டுக்கா வெந்துதான் வருவீங்க."

அப்ப எதுதான்?

அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.
கயத்தாற்றுக்கு மாற்றல் வரலாம்,
வராமலும் போகலாம் என்று
கம்பெனியில் பேச்சு.
மூணு வருஷத்துக்கு ஒருக்கா வருகிற பேச்சுதான்.
பணகுடியில் வைத்த கருவேப்பிலை,
பல்லடத்தில் வைத்த எலுமிச்சை;
பூ எடுத்த மாசம் பார்த்துத்தான்
சாவியைக் கொடுத்துவிட்டு வருவோம்.
இந்த அஞ்சு சென்ட் மட்டும்
எங்கள் பேரில் இருக்கிறது,
பேங்க்கின் பேரிலும் இருக்கிறது.

தாராபுரத்துக்காரர் போனில் கூப்பிட்டார்.
கடைசி அஸ்திரமாக அதை எடுத்தார்:
"ஊரு மாத்துனாலும் கவலையில்லீங்க்கா,
கழட்டிச் சுருட்டி
லாரியில போட்டுக்கலாம்."

அங்கேதான் அவர் யாவாரம் கெட்டது.
சுருட்டுனது போதுமுங்க என்றேன்.

தோண்டத் தொடங்கி ஒரு சாண் போனதும்
கடப்பாரை ணங் என்றது.
சுக்கான்கல்.
ஒன்றரை அடிக்கு மூன்று நாள் ஆயிற்று.
ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமல்
செங்கோட்டுவேலே குழிக்குள் இறங்கினார்.
அண்ணாந்தே பார்த்துப் பழகிய ஆளை
குனிந்து பார்த்தேன்.
உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது,
அது எனக்குத் தெரியாது.

கண்ணாடி பூட்டிய மூன்றாம் நாள் விடியுமுன்
டொக்.
டொக் டொக்.
மயில்.
கண்ணாடிக்குள் இன்னொன்று நிற்கிறது,
இவன் விலகினால் விலகுகிறது,
பாய்ந்தால் பாய்கிறது.
சீமாறை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
மறுநாளும் வந்தான்.
வெள்ளரி முளைகள் அதற்குள்
வெயிலில் துவண்டு கிடந்தன.

வாளி நிறையச் சுண்ணாம்பு கரைத்தோம்.
நாலு பக்கமும் கூரையும் பூசினோம்.
மயில் எதிரியைக் காணாமல்
கொஞ்சநேரம் முறைத்து நின்றுவிட்டுப்
பக்கத்துக் காட்டு மொச்சைக்குப் போயிற்று.
உள்ளே வெயில் பாலாய் இறங்கியது.

ரஹ்மத்துல்லா பாய் வந்து பார்த்துத்
தலையில் கை வைத்துக்கொண்டார்.
"இதுக்குச் செவுரே வெச்சிருக்கலாமேம்மா!"

கயத்தாற்றுச் சேதி இன்னும் வரவில்லை.
மறுபடி ஊன்றிய வெள்ளரி
மூணாம் இலை விட்டிருக்கிறது.
ஐப்பசி மழை சுண்ணாம்பைக் கழுவிவிடும்,
அப்போது தெருவில் போகிறவர்களுக்கும்
உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று
தெரிந்துவிடும்.