இலையின் கக்கத்தில்

அவள் பெயர் கோத்லீவ் என்று வைத்துக்கொள்வோம்.
எந்த ஏட்டிலும் அவள் இல்லை.
பிரசல்ஸ் கோட்டைச்சுவருக்கு வெளியே
ஈரம் காயாத கரிய மண்ணில்
எப்போதோ ஒருத்தி குனிந்திருக்க வேண்டும்.
குனிந்தவளுக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

கோஸ் பாத்தி. கடைசி வரிசை.
தலை கட்டாத இரண்டு செடிகள்.
உச்சியில் உருண்டை இல்லை,
ஊரார் கண்ணுக்கு வெறும் மாட்டுத்தீனி.
ஆனால் ஒவ்வோர் இலையின் கக்கத்திலும்
சுண்டுவிரல் நுனியளவு
ஒரு வீக்கம்.

கொப்புளம், என்றான் புருஷன் யோஸ்.
நோய். பிடுங்கிப் போடு.
அவள் ஒன்றைக் கிள்ளி மென்றாள்.
கசப்பு.
கசப்புக்குப் பின்னால், வெகு பின்னால்,
பனி பட்ட கொட்டையின் சுவை.

அந்தக் குளிர்காலம் போக மறுத்தது.
முட்டைக்கோஸ் தீர்ந்தது, டர்னிப் தீர்ந்தது,
பிப்ரவரியில் பட்டாணிப் பானையும்
அகப்பைக்கு அடியைக் காட்டியது.
கொல்லையில் நின்றவை அந்த இரண்டு மட்டும்,
தண்டு முழுக்கக் கொப்புளங்களோடு விறைத்து.
யோஸ் கத்தியை எடுத்துக்கொண்டு போனான்.
அவள் குறுக்கே போய் நின்றாள்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.
உள்ளே மூன்று பிள்ளைகள்,
கடைக்குட்டி ஃப்ளோரிஸ் இருமிக்கொண்டிருந்தான்.
நல்லதைத் தின்றால் இன்றோடு சரி
என்று கணக்காகச் சொல்லியிருக்கலாம்,
கெஞ்சியும் இருக்கலாம்.
அன்றிரவு அடுப்பில் வெந்தது
அவளுடைய முட்டைக்கோழி.

மே மாதம் இரண்டு செடியும் மஞ்சளாகப் பூத்தன.
மதிலுக்கு அந்தப் பக்கம்
மத்தேய்ஸின் இலைக்கோஸும் பூத்தது, அதே மஞ்சள்.
தேனீக்கு மதில் ஏது?
ஒரு குடுவை பீரோடு போய்
பூவை வெட்டிவிடேன் என்று கேட்டாள்.
பீரைக் குடித்தான். வெட்டவில்லை.
நிலா இல்லாத இரவில்
யோஸின் கத்தி அவள் கையில் இருந்தது.

காலையில் மத்தேய்ஸ் ஊர் ஆடுகளை எல்லாம் சபித்தான்.
வெட்டிய தண்டு பக்கத்தில் தழைத்து மறுபடி பூத்தது;
மறுபடி போனாள்.
விதை சுத்தமாக இருக்கட்டும் என்றா?
அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.
எங்கள் பக்கம் அதற்கு வேறு கதைகள் உண்டு.
அவளுக்கு அந்தக் கொப்புளம் வேண்டியிருந்தது,
அப்படியே விடுகிறேன்.

விதைத்ததில் எழுந்தவை அறுபத்திரண்டு.
பெரும்பாலானவை பழைய பழக்கத்தில் தலை கட்டப் பார்த்தன.
பதினொன்று மத்தேய்ஸின் சுருட்டை இலையோடு வந்தன;
கத்திக்கு முந்தியிருக்கிறது தேனீ.
ஒன்று ஊதாவாகி, காரணம் சொல்லாமல் செத்தது.
ஏழில் வீக்கம்.
ஏழில் மூன்றில் நெருக்கமாக, கழுத்து வரை.
மூன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினாள்.
மீதியெல்லாம் சூப்.

வீக்கத்தைச் செய்தது அவளில்லை.
அது தானாக வந்தது,
வந்து யாரும் பாராமல் போகிற எத்தனையோ போல.
உப்புக்காற்றில் சுண்ணாம்புப் பாறையைப் பற்றி நின்ற
ஒரு காட்டுச் செடியின் வம்சம் இதெல்லாம்.
எங்கோ ஒருவன் அதன் தண்டு பருத்ததைப் பார்த்தான்:
நூல்கோல்.
எங்கோ ஒருத்தி, மலரத் தெரியாமல்
மொட்டாகவே திரண்டு தவித்த பூவைப் பார்த்தாள்:
காலிஃபிளவர்.
அவர்கள் வீட்டில் அன்றிரவு
எந்தக் கோழி வெந்ததோ.

ஆறாம் ஆண்டு.
தண்டைச் சுற்றிப் பச்சைக் கோலிகுண்டுகள்.
வெண்ணெயில் புரட்டி முதல் தட்டை மேசையில் வைத்தாள்.
யோஸ் எதுவும் சொல்லாமல் தின்றான்,
அவன் வழக்கம் அது.
இருமல் விட்டு வளர்ந்திருந்த ஃப்ளோரிஸ்
ஒன்றை வாயில் போட்டான்,
உடனே தட்டில் துப்பினான்.
கசக்குது.

அவள் கோபிக்கவில்லை.
நூல்கண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்,
செடிக்கு ஒன்றாகக் கிள்ளி
மென்று பார்க்க.